காலி வலையும் கஞ்சிப் பானையும்

"இன்னிக்கு வலை காலிதான். தனபாக்கியம் எதிர்ல வந்துட்டா."

மடத்து வேலிக்கு வெளியே யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். உள்ளே கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாசிலாமணியின் காதில் அது விழுந்தது.

அன்று வலை காலியாகத்தான் வந்தது.

மாசிலாமணி நேரே குருவிடம் போனார்.

"அம்மா, ஒரு சந்தேகம். உண்மையைச் சொன்னா ஒருத்தி பிழைப்பு போயிடும்னா, சொல்லலாமா, கூடாதா?"

குரு ஆதிரை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணியின் கடைசி மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் சொல்லாமல் மாசிலாமணி உட்கார மாட்டார்.

"எந்த உண்மை?"

"தனபாக்கியம் எதிர்ல வந்தா மீன் படாது."

பக்கத்துக் குப்பத்தில் படகு வைத்திருந்தவர் மாசிலாமணி. படகைத் தம்பி மகன் தேசிங்குவிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். இருந்தாலும் குப்பத்தில் அவர் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருந்தது.

தனபாக்கியத்தின் புருஷனைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருஷம் ஆகிறது. அவள் உப்பளத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. முன்னால் ஒரு சந்து. அவள் வேலைக்குப் போவதும் ஆண்கள் படகுக்கு வருவதும் அதே சந்தில்தான், விடியும் முன்னால்.

அமாவாசையன்று படகு இறங்காது. அன்று ஊர் கூடும். அடுத்த அமாவாசைக் கூட்டத்தில் அவள் வரும் அந்தச் சந்துவழியை அடைத்துவிடுவது என்று பேச்சு. அடைத்தால் அவள் ஊரை விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. 'பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிடலாம்' என்று தேசிங்கு சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"அவ வராத நாள்ல வலை காலியா வந்ததே இல்லையா?"

மாசிலாமணி யோசித்தார்.

"வந்திருக்கும். அதை யார் ஞாபகம் வச்சிருக்கா?"

"அவ வந்த நாள்ல நிறைஞ்சு வந்ததே இல்லையா?"

"நிறைஞ்சு வந்தா அவ பேச்சையே யாரும் எடுக்கமாட்டாங்களே."

ஆதிரை முறத்தைக் கீழே வைத்தார். முற்றத்து மணலில் கையாலேயே நான்கு குழி தோண்டினார்.

"அவ வந்து, வலை காலி. அவ வந்து, வலை நிறைவு. வராம காலி. வராம நிறைவு. தினம் கரைக்குப் போய்ப் பார்த்து ஒரு சிப்பி போடுங்க."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். உங்களுக்குப் பிடிச்ச நாள் மட்டும் இல்ல."

*

பௌர்ணமியன்று மாசிலாமணி குருவைக் கையோடு கூட்டிவந்தார். பெரிய மீனைக் கரையில் போட்டவன் போல நின்றார்.

"பாருங்கம்மா."

ஆதிரை குனிந்து பார்த்தார். முதல் குழி நிறைந்திருந்தது. நான்காவதும் நிறைந்திருந்தது. நடுவில் இருந்த இரண்டிலும் ஏதோ கொஞ்சம் கிடந்தது.

"ஆமா. அவ வர்ற நாள்ல வலை காலியாத்தான் வருது."

குரு மறுத்துப் பேசுவார், அப்போது இன்னின்ன சொல்லலாம் என்று மாசிலாமணி நிறையத் தயார் செய்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயிற்று.

"அப்ப சொல்லிடட்டுமா?"

"அவ எதிர்ல வந்ததும் அவங்க என்ன செய்றாங்க?"

"சகுனத்தடை இல்லையா? வீட்டுக்குத் திரும்புவாங்க. உட்கார்ந்து தண்ணி குடிப்பாங்க. வெத்தலை போடுவாங்க. தோஷம் கழிஞ்சதும் கிளம்புவாங்க."

"அப்படி உட்கார்றதால வலை காலியாகுதோ?"

"உட்கார்ந்தா எப்படிம்மா காலியாகும்? கெடுதல் அவகிட்ட. உட்கார்றது அதைக் குறைக்கத்தான்."

"அவங்க பார்த்தாத்தான் கெடுதலா, அவ கடந்து போனாலே கெடுதலா?"

"தோஷம் அவகிட்டதானே இருக்கு? யார் பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன?"

"சரி. நீங்க சொல்றது உண்மைன்னா, அவ வராதப்ப அவங்களைச் சும்மா உட்கார வச்சாலும் வலை நிறையணும்."

"நிறையும்."

"யார் கண்ணுலயும் படாம அவ கடந்து போனாலும் வலை காலியாகணும்."

"ஆகும்."

ஆதிரை உள்ளே போய் ஒரு சோழியோடு வந்தார்.

"விடியறதுக்கு முன்னாடி தினம் இதை உருட்டுங்க. வாய் மேல விழுந்தா, படகு போன பிறகு தனபாக்கியம் கிளம்பட்டும். நீங்க சந்து முனையில கஞ்சிப் பானையோட நின்னு, எல்லாரையும் உட்கார வச்சு ஊத்துங்க. முதுகு மேல விழுந்தா, அவ வழக்கம் போல வரட்டும். ஆனா சந்தோரத்து ஓலைப் படலுக்கு அந்தப் பக்கமா, யார் கண்ணுலயும் படாம."

"சோழி எதுக்கும்மா? எந்த நாள் எதுன்னு நானே பார்த்து வச்சுக்கிறேனே."

"அதனாலதான் சோழி."

*

தனபாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னை ஒளிஞ்சு போகச் சொல்றீங்களா பெரியவரே? நான் என்ன கோழியா திருடினேன்?"

"கொஞ்ச நாள்தாம்மா. அதுவும் சில நாள்."

அவள் சந்தோரத்தில் அடுத்த வீட்டுக் கொல்லையை மறைத்து நீண்டிருந்த ஓலைப் படலைப் பார்த்தாள்.

"ஆள் வர்ற சத்தம் கேட்டாலே குனிஞ்சு, முந்தானைய இழுத்துக்கிட்டு, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போறேன். அந்தப் பக்கம் போனா நிமிர்ந்தாவது நடக்கலாம். சரி, போறேன். ஆனா உங்க சோழி வாயைத் திறந்தா எனக்கு நேரமாயிடும். கங்காணி வாயை யார் மூடுறது?"

மாசிலாமணி சோழியை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

*

முதல் நாள் வானம் மூடியிருந்தது. கடல் அசையாமல் ஈயம் போலக் கிடந்தது. இன்று எவன் போனாலும் வலை காலிதான் என்று மாசிலாமணிக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு அவள் நடந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

உருட்டினார். வாய் மேலே விழுந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. இன்னொரு தடவை உருட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? கை சோழி வரைக்கும் போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"என்ன பெரியப்பா, மடத்துல மிச்சமாயிடுச்சா?"

"எல்லாத்தையும் துறந்தாரு, ஊறுகாயையுமா துறக்கணும்? வெறும் கஞ்சியை எப்படிக் குடிக்கிறது?"

"உட்காருங்கடா. நாளைக்கு மாவடு கொண்டாறேன்."

பெரியவர் கையால் ஊற்றும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார்கள். ஒருவன் கதை சொன்னான். இன்னொருவன் இரண்டாம் தடவை வாங்கினான்.

வலை காலி. மறுநாளும் கஞ்சி, மறுநாளும் காலி. அதற்கு அடுத்த நாள் தனபாக்கியம் படலுக்கு அந்தப் பக்கமாகப் போனாள். வலை நிறைந்து வந்தது.

மாசிலாமணி மூச்சிரைக்க மடத்துக்கு ஓடினார்.

"அம்மா! தெரிஞ்சுபோச்சு! அவகிட்ட ஒண்ணுமே இல்ல!"

ஆதிரை சோழியை வாங்கி உருட்டினார். வாய் மேலே விழுந்தது. மறுபடி உருட்டினார். வாய். மறுபடியும். வாய்.

"இந்தச் சோழிக்கு முதுகே இல்லன்னு சொல்லிடலாமா?"

மாசிலாமணி சோழியை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

*

தேய்பிறை போய்க்கொண்டிருந்தது. கஞ்சி குடித்தும் வலை நிறைந்த நாள் வந்தது. தனபாக்கியம் மறைந்து போயும் காலியான நாள் வந்தது. எது வந்தாலும் மாசிலாமணி, முற்றத்தில் புதிதாகத் தோண்டிய நான்கு குழிகளில், அந்தந்தக் குழியில் சிப்பியைப் போட்டார். ஆனால் கஞ்சி நாட்களின் காலிக் குழிதான் வழிந்தது.

ஒரு விடியலில் சந்து முனையில் கஞ்சி ஊற்றிக்கொண்டே அவர் கடலைப் பார்த்தார். இருட்டோடு இருட்டாக, தண்ணீருக்கு மேலே வெள்ளி தூவியது போல ஒரு மினுமினுப்பு. சாளை மீன் கூட்டம். அவருக்குக் கை துறுதுறுத்தது.

"அண்ணே, இன்னும் ஒரு அகப்பை" என்று ஒருவன் பாத்திரத்தை நீட்டினான்.

கிழக்கே வெளுத்தது. வெளிச்சம் பட்டதும் சாளை ஆழத்துக்கு இறங்க, மினுமினுப்பு குறைந்தது. அவன் பாத்திரத்தைக் கழுவி வைத்தபோது கடல் வெறும் தண்ணீராக இருந்தது.

நாற்பது வருஷம் இந்தக் கடலில் பிழைத்தவர் மாசிலாமணி. பாதிக் கஞ்சி பானையில் இருக்கும்போதே கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அன்று திரும்பி வரும்போது சந்தில் இரண்டு பேர் பேசியது கேட்டது.

"தனபாக்கியம்கூடக் கண்ணுல படறதில்ல. அப்படியும் ஏன்டா காலியா வருது?"

"புரியலையா உனக்கு? பெரியப்பா பானையோட நின்னா காலி. அவரு கைராசி அப்படி."

*

"அம்மா, இப்ப என்னைச் சொல்றாங்க!"

ஆதிரை வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க ராசியில்லாதவரா?"

"இல்லவே இல்ல!"

"எப்படித் தெரியும்?"

மாசிலாமணி மணலில் இருந்த குழிகளைப் பார்த்தார். குனிந்து குருவின் காலைத் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

*

அமாவாசையன்று கரையில் ஊர் கூடியது. தனபாக்கியம் கூட்டத்துக்கு வெளியே, தள்ளி நின்றாள்.

"பெரியப்பா, சொல்லுங்க" என்றான் தேசிங்கு. "சந்தை அடைக்கலாமா?"

"அப்படியே கஞ்சிப் பானைக்கும் ஒரு முடிவு கட்டுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

மாசிலாமணியும் சிரித்தார்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி சந்துல சொல்றேன்."

"இன்னிக்கே சொன்னா என்ன?"

"இன்னிக்குச் சொன்னா அது வெறும் பேச்சு."

*

மறுநாள் இருட்டில் ஆண்கள் சந்துக்குள் வந்தபோது எதிரே மாசிலாமணி வந்தார். அவருக்குப் பக்கத்தில் தனபாக்கியம். இருவரும் சந்தின் நடுவிலேயே நடந்து வந்தார்கள்.

"ஐயோ, ரெண்டும் சேர்ந்தா வரணும்?" என்று ஒருவன் தலையில் கை வைத்தான்.

தேசிங்கு வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"உட்காராதே தேசிங்கு" என்றார் மாசிலாமணி.

"பெரியப்பா, என்ன விளையாட்டு இது?"

"அஞ்சு வருஷமா இவளைப் பார்த்தா திரும்பிப் போய் உட்கார்ந்தீங்க. கஞ்சி கொடுத்தேன், அப்பவும் உட்கார்ந்தீங்க. ரெண்டு தடவையும் மீன் போச்சு. இவ படலுக்கு அந்தப் பக்கமா உங்களைக் கடந்து போன நாள்லாம் உண்டு. அன்னிக்கெல்லாம் நேரா படகுக்குப் போனீங்க. அன்னிக்கு வந்த வலைய நினைச்சுப் பாரு."

ஒருவன் படலை எட்டிப் பார்த்தான்.

"இந்த வளர்பிறை பூரா இவ உங்க எதிர்லயே வரட்டும். நீங்க நிக்காம போங்க. ஒரு நாள் வலைய வச்சு எதுவும் சொல்லாதே. கடல் ஒரு நாள் கொடுக்கும், ஒரு நாள் கொடுக்காது. எல்லா நாளையும் சேர்த்துப் பாரு. காலியே அதிகம்னா, இந்தச் சந்தை நானே முள்ளு வெட்டி அடைக்கிறேன். இவ போற அன்னிக்கு நானும் ஊரை விட்டுப் போறேன்."

"அவ்வளவு நிச்சயமா தெரியுமா பெரியப்பா?"

"ஊரை விட்டுப் போறேன்னு சொல்ற அளவுக்குத் தெரியும்."

தேசிங்கு தனபாக்கியத்தைப் பார்த்தான். அவள் குனியவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்தாள்.

பின்னால் ஒருவன் மெல்ல வீட்டுப் பக்கம் நழுவினான். தேசிங்கு அவன் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். பிறகு துடுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவளைக் கடந்து, கடலை நோக்கி நடந்தான்.