லண்டன் சட்டையில் பச்சை முடிச்சு

அன்று அந்தத் திருப்பூர் கம்பெனியில் முதலாளி, மேனேஜர், பதின்மூன்று டெய்லர்கள், ஆகப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

முதலாளி லண்டனிலிருந்து வரவழைத்த சட்டையை விரித்தார். "சுங்கவரி, கூரியர் மட்டுமே மூவாயிரம். சாயங்காலத்துக்குள்ள இதே மாதிரி ஒண்ணு தெச்சுக் காட்டுங்க. முடியலைன்னா தீபாவளி போனஸ் கிடையாது."

டெய்லர்களில் ஒருத்தியான மாராத்தாள் சட்டையின் உள்மடிப்பைத் திருப்பினாள். தப்பு வந்தால் யார் கூலியில் பிடிப்பது என்று தெரிவதற்காக, ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சுப் போடவைத்தவர் முதலாளிதான். அவள் நிறம் பச்சை. முடிச்சும் பச்சை.

"ஆடியில லண்டனுக்கு அனுப்புனப்பவே இதைத் தெச்சுக் குடுத்துட்டனுங்க, பதினாலு ரூவா கூலிக்கு. கேட்டிருந்தா வரியில்லாம இங்கயே குடுத்திருப்பனுங்க."

மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் மாராத்தாளின் மிஷின் சும்மா கிடந்தது. மீதி பதினான்கு பேர்.