இரண்டு வருஷ வாய்க்கட்டு

முன்னொரு காலத்தில் கூவள நாட்டைக் குமுதசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, நிலையில்லாதவன். காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வான். அந்த நாட்டில் புத்தி பேதலித்தவர்களையும் சிறுபிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ராஜாவே காப்பாளரை நியமிப்பது வழக்கம். நியமித்துவிட்டால் அவர்களுடைய வீடும் நிலமும் காப்பாளர் கைக்குப் போய்விடும். அதற்குப்பின் அவர்கள் பேச்சு சபை ஏறாது. ஒருவருக்குக் காப்பாளர் வேண்டுமா என்ற விசாரணை முடிகிறவரை அந்த ஆளோடு ஊரில் ஒருவரும் பேசக்கூடாது. யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். இதற்கு வாய்க்கட்டு என்று பெயர். மீறினால் பன்னிரண்டு கசையடி. விசாரணை ஒரே நாளில் முடிந்தால் இது நல்ல வழக்கம்தான்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வடிவாள்மேல் இந்தக் கட்டு விழுந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புருஷன் செத்த மூன்றாம் மாதமே அவனுடைய பங்காளியும் அரண்மனைச் சாமான் அறையான உக்கிராணத்தின் தலைவனுமான பட்டாபிசேகரன், அண்ணிக்குச் சித்தம் சரியில்லை, நானே காப்பாளனாக இருக்கிறேன் என்று மனுப் போட்டான். ஆற்றங்கரையில் அந்தக் கொடிக்காலைப் போல வேறு கிடையாது. கரிசனத்துக்கு அதுதான் காரணம். ராஜா தேதி குறித்தான். யானைக்கு மதம் பிடித்ததென்று ஒரு வாய்தா, பல்வலியென்று ஒரு வாய்தா, காரணமே இல்லாமல் நாலு வாய்தா.

கடைக்காரன் உப்பைப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். கிணற்றடிக்கு வடிவாள் போனால் பெண்களின் பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டு மருதாயி தினம் ஒரு சண்டையாவது போடுகிறவள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அந்தச் சண்டைகூட இல்லாமல் போனதுதான் வடிவாளுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் இறைக்கும்போது கொடிகளோடு பேசினாள். சமைக்கும்போது அடுப்போடு பேசினாள். தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் பேசினாள். பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒருவழியாக வழக்கு சபைக்கு வந்தது. கொடிகளிடம் குசலம் விசாரிக்கிறாள், ஊரே சாட்சி என்று பட்டாபிசேகரன் முழங்கினான்.

"தனியாகப் பேசுகிறாயாமே, நிஜமா?" என்று ராஜா கேட்டான்.

"பேசுகிறேன், மகாராஜா. வேறு யார் என்னோடு பேசுகிறார்கள்?"

சபை சிரித்தது. மந்திரி செழியங்கோ மட்டும் சிரிக்கவில்லை. காப்பாளராக வருகிறவருக்கும் சித்தம் தெளிவாக இருக்கவேண்டுமே, அவரையும் இதே முறையில் சோதித்துவிட்டால் பின்னால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள் என்றார். ஒரு மாதம் வேண்டுமானாலும் சோதியுங்கள் என்று பட்டாபிசேகரன் மார்தட்டினான். வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சோறு வேண்டாம். அன்று மாலையே உக்கிராணத் தலைவரோடு யாரும் பேசக்கூடாது என்று தமுக்கு அடித்தார்கள்.

இரண்டு நாள் அவன் மிடுக்காகத்தான் நடந்தான். மூன்றாம் நாள் குழம்பில் உப்பில்லை என்று சமையல்காரனைத் திட்டினான். சமையல்காரன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பதில் வராத திட்டில் என்ன சுகம்? ஐந்தாம் நாளிலிருந்து, தனக்கு வரப்போகிற கொடிக்காலைப் பார்க்கிற சாக்கில் ஆற்றங்கரைக்கு நடந்தான். அங்கே மருதாயியின் ஆடு கட்டிக்கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை மந்திரி ராஜாவை அழைத்துவந்து அகத்தி மரங்களுக்குப் பின்னால் நிறுத்தினார்.

பட்டாபிசேகரன் ஆட்டின் முன் குந்தியிருந்தான். "நீயே நியாயம் சொல். எனக்கு ஒரு பல்லக்குக் கொடுத்தால் இந்த ராஜா குறைந்தா போய்விடுவார்?" என்று கேட்டான். ஆடு தழையை மென்றது. "நீகூடப் பேசமாட்டாயா?" என்றபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

குடத்தோடு நின்ற வடிவாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குடத்தை இறக்கி வைத்தாள். தன் நிலத்தைப் பறிக்க வந்தவன்தான். ஆனாலும் அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் தொண்டையில் இருந்த குரல்தான் அது.

"தம்பி, அதற்குப் பசி. நீங்கள் அப்புறம் கேளுங்கள்" என்றாள்.

அவன் துள்ளி எழுந்தான். "அண்ணி, பேசாதீர்கள். கசையடி கிடைக்கும்."

"அந்த ஆணை புத்தியுள்ளவர்களுக்கு. எனக்குப் புத்தியில்லை என்று நீங்கள்தானே மனுப் போட்டீர்கள்? அப்படியானால் என்னை அடிக்கமுடியாது. எனக்குப் புத்தியிருக்கிறது என்று அடிக்க வந்தால் உங்கள் மனு நிற்காது. எப்படியானாலும் எனக்கு நல்லதுதான். உட்காருங்கள், மோர் தருகிறேன்."

மந்திரி ராஜாவின் காதருகே குனிந்தார். "பிரபு, ஆணையை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துப் பார்க்க நம் சபையில் ஆளில்லை. இவளுக்கா காப்பாளர்?"

ராஜா கன்னத்தைத் தடவிக்கொண்டான். தன் பல்வலியும் யானையும் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

மறுநாள் சபையில் மனுவைக் கிழித்தான். பட்டாபிசேகரனின் பதவியைப் பறித்து, ஒரு வருஷம் அந்தக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கச் சொன்னான். வாய்க்கட்டு என்ற வழக்கமே இனி இல்லை என்றான். மந்திரிக்கு முத்துமாலை போட்டான். பிறகு வடிவாளைப் பார்த்து, என்ன வேண்டும், கேள் என்றான்.

"ஒன்றும் வேண்டாம், மகாராஜா. தமுக்கு அடித்தீர்கள், பேச்சை நிறுத்தினார்கள். நாளைக்கு மறுபடி அடிப்பீர்கள், பேசுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் போகிறேன்."

ஜெயித்தவள் வீட்டுக்குத் தனியாகத்தான் நடந்தாள். தீர்ப்பு இன்னும் தெருவுக்கு வரவில்லை. கடைக்காரன் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுப்பு மூட்ட உட்கார்ந்தாள். அடுப்போடு பேசவும் அன்று மனம் வரவில்லை.

வாசலில் யாரோ நின்றார்கள். மருதாயி. தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"உன் மோரைக் குடித்துவிட்டு அந்த மனிதர் செம்பை என் வேலியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். உனக்கு அறிவிருக்கிறதா?" என்றாள்.

வடிவாள் பதறிப்போனாள். "ஏய், இன்னும் தமுக்கு அடிக்கவில்லை. யாராவது பார்த்தால் பன்னிரண்டு அடி."

"பார்க்கட்டும்" என்று மருதாயி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "இரண்டு வருஷச் சண்டை பாக்கி இருக்கிறது."