சக்கரத்தடியில் ஒரு கல்

"ஏனுங் அம்மிணி, இன்னிக்கும் தொடைக்கறதுதானுங்களா?"

பொம்மையன் கேட்டார். கையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி இருந்தது.

"ஆமாங்ணா," என்றாள் ரமீஜா.

"இருபத்தோரு நாளாச்சுங். ஒரு போல்ட்டைக்கூட என்னை முடுக்க விடல."

"துணி அழுக்காயிருச்சு. வேற எடுத்துக்குங்க."

அவர் வேறு துணி எடுத்துக்கொண்டார்.

*

பொம்மையனுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்மடுவு மலையை ஏறி இறங்கியவர். பதினொரு கிலோமீட்டர். சாலை கிடையாது. கல்லும் பள்ளமுமாக ஒரு தடம் மட்டும் உண்டு.

கல்மடுவுக்கு ஆம்புலன்ஸ் வராது. யாருக்காவது முடியவில்லை என்றால் மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்.

போன ஆடியில் அவர் மனைவியை அப்படித்தான் தூக்கி வந்தார்கள். பாதி வழிக்குமேல் யாரும் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம், அடிவாரத் தோட்டம் ஒன்றில் ஒரு பழைய ஜீப்பைப் பார்த்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. உள்ளே கோழிகள் அடைந்திருந்தன. தோட்டக்காரர் இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ரமீஜாவின் பட்டறைக்கு வந்தார் பொம்மையன்.

ரமீஜாவுக்கு முப்பத்து நாலு வயது. மலையேறுகிற வண்டிக்கு ஒன்று என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். அவள் ஜீப்பை இரண்டு முறை சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"எவ்வளவு வச்சிருக்கீங்கண்ணா?"

சொன்னார்.

"இதுல சாமான் வாங்கலாம். இல்லைன்னா எனக்குக் கூலி கொடுக்கலாம். ரெண்டும் முடியாது."

"அப்ப வண்டி ஆகாதுங்களா?"

"சாமான் வாங்குவோம். வேலையை நீங்க பாருங்க."

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்களே."

"காலையில ஏழு மணிக்கு வந்துருங்க."

*

முதல் வாரம் முழுக்கக் கழற்றினாள். தார்ப்பாயில் நூற்றுக்கணக்கான சாமான்கள் கிடந்தன.

"இதுல எது உசுரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு பிரிச்சு வைங்க."

பொம்மையன் பிரித்தார். செத்த குவியல் இடுப்புயரம் வந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "தொடைச்சுட்டு மறுபடி பிரிங்க."

துடைத்துவிட்டுப் பிரித்தார். குவியல் முழங்காலுக்கு இறங்கியது.

"மறுபடி தொடைங்க."

இருபத்திரண்டாம் நாள் செத்த குவியலில் எஞ்சியது ஒரு கூடை அளவுதான். பொம்மையனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ரமீஜா வந்து குந்தினாள். நல்ல குவியலிலிருந்து பிரேக் குழாய் ஒன்றை எடுத்துச் செத்த குவியலில் போட்டாள்.

"அது நல்லாத்தானுங் இருக்குது. பளபளன்னு."

அவள் அதை எடுத்து வளைத்தாள். உள்ளுக்குள் எங்கோ முறிந்து, பொடி உதிர்ந்தது.

பொம்மையன் அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நல்ல குவியலை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். அன்றைக்கு அவள் அவர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தாள்.

*

கார்த்திகையில் இன்ஜின் ஓடியது.

முதலில் இருமியது. கறுப்பாகப் புகை கக்கியது. பிறகு ஓடியது. பொம்மையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரமீஜா கேட்டுக்கொண்டு நின்றாள், இன்ஜினைத்தான் கேட்டாள்.

சேதி மலைக்குப் போயிற்று. ஊர்க்காரர்கள் கூட்டமாக இறங்கி வந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு சேர்த்து ஒரு தொகையை அவர் கையில் வைத்தார்கள்.

"அதுல பிரேக் சாமான் முழுசா வாங்கிட்டு வாங்க," என்று ரமீஜா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

பொம்மையன் ஈரோட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது நாலு டயரோடு வந்தார். முரட்டுப் பல் வைத்த, கரேலென்ற புது டயர்கள்.

"ஊர்ச் சனம் கண்ணுல பார்த்தாங்கன்னா நம்புவாங்க அம்மிணி. பிரேக்கு உள்ள இருக்கற சமாச்சாரம். அடுத்த மாசம் வாங்கிப்போடலாம்."

 ரமீஜா டயர்களை மாட்டிக் கொடுத்தாள். வண்டியைப் பட்டறை வாசல் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

சரிவு முடிகிற இடத்தில் ஒரு கிணறு. கைப்பிடிச்சுவர் கிடையாது.

*

மார்கழி பிறந்து நாலாம் நாள், முற்பகலில் போன் வந்தது. பொம்மையனின் தம்பி மருமகள் மாதம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. எட்டு மாதம்தான். தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பொம்மையன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சாவியக் குடுங்க அம்மிணி."

"பிரேக் இல்லைண்ணா."

"நீங்க ஓட்டப் பழக்குனபடி சின்ன கியர்லயே போட்டு எறக்கிருவேன். அந்தத் தடத்துல எனக்குத் தெரியாத கல்லு ஒண்ணு கிடையாது. போன தடவை வண்டி இல்ல. இப்ப இருக்குது. குடுங்க."

ரமீஜா சாவியைக் கொடுத்தாள்.

பிறகு ஜீப்புக்குப் போனாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். பின்பக்கம் ஏறி, நோயாளிக்கென்று போட்டிருந்த பலகையில் மல்லாந்து படுத்தாள்.

"நீங்க எதுக்குப் படுக்கறீங்க?"

"எறங்கறப்ப இதுல ஒருத்தி படுத்திருப்பா."

"அம்மிணி, வெளையாடற நேரமில்லீங் இது."

"கல்லை எடுங்கண்ணா. போலாம்."

பொம்மையன் முன்சக்கரத்தருகே குந்தினார். கல்லின்மேல் கை வைத்தார். வண்டியின் முழு எடையும் அதன்மேல் சாய்ந்திருப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

கை கல்லின்மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். சாவியை இருக்கையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார். பட்டறையைத் தாண்டியதும் அது ஓட்டமாயிற்று.

ரமீஜா இறங்கி, மற்றொரு சக்கரத்துக்கும் ஒரு கல்லை வைத்தாள்.

*

ஐந்தாவது கிலோமீட்டரில் தொட்டிலை எதிர்கொண்டார் பொம்மையன். தூக்குகிறவர்களில் ஒருவனுக்குக் கால் பிசகியிருந்தது. அவன் தோளிலிருந்து மூங்கிலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

அடிவாரம் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. வழியில், ஒரு பாறை நிழலில், கூட வந்த பெண்கள் சேலையை மறைத்துப் பிடித்துக்கொள்ளப் பிறந்தது. கோழிக்குஞ்சு அளவில் ஒரு பெண். கொஞ்ச நேரம் அழவில்லை. பிறகு அழுதது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன.

குழந்தை பிறந்த மறுநாளே காலை ஏழு மணிக்கு பொம்மையன் பட்டறைக்கு வந்தார். தோள்பட்டை வீங்கியிருந்தது.

"அவ செத்திருந்தா?" என்று கேட்டார்.

"செத்திருக்கலாம்," என்றாள் ரமீஜா.

"வண்டியில கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருக்கவுங் கூடும். இல்லீங்களா?"

"கூடும்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொம்மையன் ஸ்பேனரை எடுத்தார். நாலு டயரையும் கழற்றினார்.

*

ஈரோட்டுக்காரன் டயர்களை வாங்கின விலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்ததில் பிரேக் சாமான் வாங்கினார் பொம்மையன். ஒவ்வொன்றையும் கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்கினார். கடைக்காரன் முகம் சுளித்தான். எல்லாவற்றையும் அவரே மாட்டினார். ரமீஜா கைகட்டி நின்று பார்த்தாள். ஒரே ஒரு நட்டைக் கழற்றி மறுபடி போடச் சொன்னாள்.

பழைய தேய்ந்த டயர்களே திரும்ப ஏறின. ஒன்றில் ஒட்டுப் போட்டிருந்தது.

தையில் ஜீப் கல்மடுவுக்கு ஏறியது. ரமீஜா வரவில்லை. அவளுக்கு வேறு வண்டி வந்திருந்தது.

"இதென்னய்யா, புது டயர் வாங்கினீங்கன்னு சொன்னாங்க?" என்று ஊரில் கேட்டார்கள். "வழுக்கையா இருக்குது?"

"மெதுவாப் போனா இது போதும்," என்றார்.

சிலர் சிரித்தார்கள். காசு கொடுத்தவர்கள் சிரிக்கவில்லை.

இறங்கும்போது பின்னால் பலகையில் புட்டமாதன் படுத்திருந்தார். பொம்மையனுக்கு மாமன் முறை. எண்பது வயது. கால் யானைக்கால் கணக்காக வீங்கிக் கிடந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியை அவர் பார்த்ததே இல்லை. தொட்டிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆறாவது வளைவில் தடம் சட்டென்று சரிகிறது. இடப்பக்கம் காற்றுதான் இருக்கிறது. கீழே, வெகு கீழே, மரங்களின் தலை.

பொம்மையன் சரிவின் நடுவில் பிரேக்கை மிதித்தார்.

ஒரு பொடிக்கல் உருண்டு போய் விளிம்பைத் தாண்டியது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் மிதித்த கால் மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பின்னாலிருந்து கிழவரின் குரல் வந்தது.

"ஏண்டா பொம்மையா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லீங் மாமா," என்றார் பொம்மையன். "நிக்குது."