இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த வாக்குகள்

கணக்கில் புலி என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்பவர் யாராவது இருந்தால் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். இந்தக் கதையில் எண்கள் வரும். ஆனால் எண்ணத் தெரிந்தால் மட்டும் விடை கிடைத்துவிடாது. எனக்கே ஒரு வாரம் பிடித்தது.

கடலோரப் பெருநகரம் ஒன்றில் செங்கழுநீர்மேடு என்று ஒரு வார்டு. முப்பது வருடமாக அங்கே ஒரே குடும்பம்தான் ஜெயித்து வந்தது. முதலில் அப்பா, அடுத்து மகன். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் மகனுடைய மனைவி. இடையில் வார்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடிக்கிடந்த ஆலையை இடித்துப் பதினான்கு மாடிக் குடியிருப்பு எழுந்தது. தெற்கத்திப் பக்கமிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அதில் குடியேறினார்கள். பெருமாள் கோயில் தெருவில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட, வயதானவர்கள் மிஞ்சினார்கள். கால்வாய்க்கரையில் நாலு தலைமுறையாக இருந்த குடும்பங்களையோ லாரியில் ஏற்றி, முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் இருந்த அவர்கள் பெயரும் கூடவே போய்விட்டது.

இந்தத் தடவை குடியிருப்பு வாசலில் இஸ்திரி போடும் பச்சையம்மாள் சுயேச்சையாக நின்றாள். சின்னமும் இஸ்திரிப் பெட்டியே. அந்தக் குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது. வாக்கு எண்ணி முடித்தபோது பச்சையம்மாள் தொண்ணூற்றொரு வாக்கு முன்னால் நின்றாள். தப்பு முழங்கியது, தெருவே ஆடியது. அவள் கரிப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அழுதபடியே சொன்னாள்: “என்னை யாரு ஜெயிக்க வச்சாங்களோ, அவங்க கோரிக்கையத்தான் மன்றத்துல மொதல்ல வைப்பேன்.”

சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டாள். மன்றத்தின் முதல் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரே ஒரு கோரிக்கை என்று மறுநாள் அறிவிப்பு வந்தது. இஸ்திரி வண்டிக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதல் ஆள் பேச்சிமுத்து, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். “எங்களுக்குப் பாதாளச் சாக்கடை வேணும்க்கா. இருநூத்து நாப்பது ஓட்டு எங்களோடது. பத்து வருஷமா எல்லாம் ஊர்லதான் கிடந்துச்சு. வீட்டு வேலைக்கு வர்ற அக்காமாருதான் ஆளாளுக்கு ஓட்டை இங்க மாத்துற பாரத்தை நீட்டி, ‘கையெழுத்தப் போடு தம்பி, அப்புறம்தான் காபி’ன்னு மடக்கிட்டாங்க” என்று சிரித்தான்.

அடுத்தவர் ருக்மாங்கதன், கோயில் தெருக்காரர், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சையம்மாள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “எங்க தெருவுக்கு ஒரு மருத்துவமனை வேணும்மா. நாங்க நூத்து முப்பது பேர்தான். ஆனா அந்தப் பக்கம் போட்ட கையால இந்தப் பக்கம் போட்டோம். அங்க ஒண்ணு குறைஞ்சு இங்க ஒண்ணு ஏறினா வித்தியாசம் ரெண்டு. ஆக எங்க கணக்கு இருநூத்து அறுபது. எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கற பொண்ணு விடியறதுக்கு முன்னால எழுந்து மூணு பஸ் மாறி வர்றான்னு கேட்ட அன்னைக்கே அந்தக் குடும்பத்து மேல மனசு விட்டுப்போச்சு.”

மூன்றாவதாகக் கோவிந்தம்மாள். கால்வாய்க்கரையிலிருந்து துரத்தப்பட்டவள். “எங்களுக்கு நேரா ஒரு பஸ்ஸு கேளு பச்சை. லேட்டா வர்றோம்னு இந்த மாசம் ஆறு பேரு வேலை போச்சு. அடுத்த மாசம் என்னுதும் பூடும்.”

“உனக்குத்தான் இங்க ஓட்டே இல்லையேம்மா” என்றார் ருக்மாங்கதன். பேச்சிமுத்துவும் தலையாட்டினான்.

குடியிருப்பு இல்லாவிட்டால் பச்சையம்மாள் தோற்றிருப்பாள். தெரு திரும்பாவிட்டாலும் தோற்றிருப்பாள். மூன்றாமவளுக்கோ ஒரு வாக்குகூட இல்லை. மன்றத்தில் யாருடைய கோரிக்கை முதலில் போக வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: கோவிந்தம்மாளுடையது. பச்சையம்மாள் ‘ஓட்டுப் போட்டவர்கள்’ என்று சொல்லவில்லை, ‘ஜெயிக்க வைத்தவர்கள்’ என்றாள். குடியிருப்பின் கையில் பாரத்தைத் திணித்தது யார்? அங்கே வீட்டு வேலைக்கு வரும் கால்வாய்க்கரைப் பெண்கள். தெருவின் மனதைத் திருப்பியது யாருடைய பாடு? அதே பெண்களுடைய பாடுதான். வாதாட வந்த இருவருமே தங்களை அறியாமல் அவளுக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள். பச்சையம்மாள் இதை எடுத்துச் சொன்னதும் ருக்மாங்கதன் எழுந்து தன் நாற்காலியைக் கோவிந்தம்மாளுக்குக் கொடுத்தார், பேச்சிமுத்து பேருந்து மனுவைத் தட்டச்சு செய்து தந்தான். மூன்றாம் மாதம் ‘செங்கழுநீர்மேடு’ என்று பலகை மாட்டிய முதல் பேருந்து நிறையப் பெண்களோடு வந்து நின்றது. அதன் படியில் நின்று விசில் அடித்தது நடத்துநர் இல்லை, கோவிந்தம்மாள். அடுத்த தேர்தலில் அவளும் இப்போது குடியிருக்கும் வார்டில் நிற்கப்போகிறாளாம். என்ன சின்னம் கேட்பாள் என்று உங்களுக்கு இன்னொரு புதிர் போடமாட்டேன்.