தவிட்டியின் கடைசி முடிச்சு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. நடுவில் ஒன்றை மறந்துவிட்டால் அப்புறம் எதுவும் விளங்காது. அதனால் மறக்கக் கூடாததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண். கட்டிய கூட்டைப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்வது பெண். மழைக்காலம் வந்தால் ஆணின் தலை மஞ்சளாகும், கன்னம் கறுக்கும். பெண்ணுக்கு எப்போதும் தவிட்டு நிறம்தான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

காட்டு ஓரத்தில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு இலந்தைப் புதர். அந்தப் புதரில் தவிட்டி என்று ஒரு பெண் தூக்கணாங்குருவி இருந்தாள். போன வருஷம் அவள் புருஷன் அந்தப் புதரில்தான் கூடு கட்டினான். கிளை தாழ்ந்த கிளை. ஒரு சாரைப்பாம்பு சாவகாசமாக ஏறி வந்து மூன்று முட்டையையும் விழுங்கிவிட்டுப் போனது. இந்த வருஷமாவது நல்ல இடம் பார்க்கலாம் என்று கிளம்பிய புருஷனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. தவிட்டியின் வயிற்றில் மறுபடியும் முட்டை. அதை இட இருபது நாள்கூட இல்லை.

"இன்னொரு தடவை பாம்புக்குக் கொடுக்க மாட்டேன்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குளத்தின் மேல் ஒரு பனை சாய்ந்து நின்றது. அதன் ஓலை நுனிகள் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கின. பாம்பு மரத்தில் ஏறலாம். மட்டை வரைக்கும் வரலாம். நுனிக்கு வந்தால் ஓலை வளைந்து தண்ணீரில்தான் விழும். அந்தப் பனையில் முப்பது ஆண் குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ஓலையப்பன்.

தவிட்டி நேராக அவனிடம் போனாள்.

"அண்ணே, எனக்கு ஒரு ஓலை நுனி வேணும்."

"உன் வீட்டுக்காரனை அனுப்பும்மா. பேசிக்கலாம்."

"அவர் இல்லை. கூட்டை நானே கட்டிக்கிறேன்."

ஓலையப்பன் கழுத்தைத் திருப்பி மற்றவர்களைப் பார்த்தான். "கேட்டீங்களாடா? இவ கூடு கட்டுவாளாம். அப்ப முட்டையை நாம போட்டுருவோமா?"

பனை முழுக்கச் சிரிப்பு. முறுக்கன் என்றொரு குருவி சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த நாரைத் தண்ணீரில் விட்டுவிட்டான்.

"இந்தாம்மா" என்றான் ஓலையப்பன். "பத்து நாள் எங்களுக்கு நார் சுமந்து வேலை பார்த்தவனுக்குத்தான் இங்க நுனி. அது இந்த மரத்து வழக்கம். பொம்பளைக்கு இங்க கூடு பார்க்கிற வேலைதான். போயிட்டு வா."

தவிட்டி போனாள். சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டாள். பத்து நாள் வேலை, ஒரு நுனி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விடியும்போதே ஆவாரஞ்செடிக்குப் போனாள். பனி ஈரத்தோடு பூவைக் கசக்கித் தலையில் தேய்த்தாள், மார்பில் தேய்த்தாள். குளத்துக் கரிசல் சேற்றைக் கன்னத்தில் பூசினாள். தண்ணீரில் குனிந்து பார்த்தாள். செத்துப்போன புருஷனே எதிரில் நிற்பது போல இருந்தது. அழுகை வந்தது. ஆனால் அழுதால் சேறு கரையும். அழாமல் பறந்தாள்.

"யாருப்பா நீ?" என்றான் ஓலையப்பன்.

"ஆவாரன். மேற்கே இருந்து வர்றேன். வேலை வேணும்."

"முடிச்சுப் போடத் தெரியுமா?"

புதிதாக வருகிறவனுக்கு அந்த மரத்தில் ஒரு சோதனை உண்டு. ஓலை நரம்பில் அவன் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அதில் மூன்று பேர் சேர்ந்து தொங்குவார்கள். தவிட்டி இதுவரை முடிச்சுப் போட்டதில்லை. ஆனால் இரண்டு மழைக்காலம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தச் சுற்று தளர்ந்திருக்கு, பிரிங்க" என்று சொல்லியே அவனை வாட்டியிருக்கிறாள். அவனிடம் எந்தச் சுற்றைப் பிரிக்கச் சொன்னாளோ அந்தச் சுற்றைத் தவிர்த்து மற்றதையெல்லாம் போட்டாள். மூன்று பேர் தொங்கினார்கள். முறுக்கன் தனியாக வந்து நாலாவது ஆளாகவும் தொங்கினான். முடிச்சு அசையவில்லை.

"பத்து நாள் நார் சுமக்கணும் தம்பி" என்றான் ஓலையப்பன். "அப்புறம் உனக்கு ஒரு நுனி."

வேலை கடினம்தான். ஓலை விளிம்பை அலகால் கீறி, கீறிய முனையைக் கவ்விக்கொண்டு பறக்க வேண்டும். நார் நீளமாகக் கிழிந்து கூடவே வரும். ஒரு நாளைக்கு நூறு தடவை. வயிற்றுக் கனத்தோடு அவள் நூற்றுப் பத்துத் தடவை போனாள்.

அதைவிடக் கடினம் வேறொன்று. கூடு பார்க்கப் பெண் குருவிகள் வரும்போது ஆண்களெல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக் கத்துவார்கள். அவளும் கத்த வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் இப்போது தானே தொங்கினாள்.

"என்னடா தொங்கறே, துணி காயப் போட்ட மாதிரி" என்றான் முறுக்கன். "உன் தலை வேற ஒரு நாளைக்கு வெளுப்பா இருக்கு, ஒரு நாளைக்குப் பளிச்சுன்னு இருக்கு."

"சின்ன வயசு அண்ணே. இப்பத்தான் நிறம் ஏறுது."

ஆறாம் நாள் மத்தியானம் சாரைப்பாம்பு பனையில் ஏறியது. எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தார்கள். மட்டையை ஒட்டிக் கட்டியிருந்த இரண்டு கூடுகளைப் பாம்பு கிழித்தது. நுனியில் தொங்கிய கூட்டை நோக்கி நீண்டது. ஓலை வளைந்தது. பாம்பு தொப்பென்று குளத்தில் விழுந்து, வெட்கப்பட்டது போல நீந்திக் கரையேறியது. தவிட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி நார் கிழிக்கப் போனாள்.

பத்து நாள் முடிந்தது. "அண்ணே, என் நுனி" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே தம்பி" என்றான் ஓலையப்பன். "நல்லா வேலை செய்யறே."

அந்த இரண்டு நாளையும் செய்தாள். ஆனால் ஓலையப்பனின் வாக்கு எப்படிப்பட்டது என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் நுனி கிடைத்தது. அப்போதுதான் அவளுக்குப் பெரிய கவலை பிடித்தது. பாதிக் கூடு கட்டியதும் பெண்கள் வந்து பார்ப்பார்கள். யாருக்கும் பிடிக்காத கூட்டை ஓலையப்பன் பிரித்துப் போட்டுவிட்டு நுனியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். பிடித்துவிட்டாலோ, பார்த்தவள் அந்தக் கூட்டிலேயே குடி வந்துவிடுவாள். மோசமாகக் கட்டினால் கூடு போகும். நன்றாகக் கட்டினாலும் கூடு போகும். தவிட்டி ஒரு முழுப் பகல் யோசித்தாள். வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றையாவது தளர்வாகப் போட அவளுக்கு அலகு வரவில்லை. நன்றாகவே கட்டினாள்.

கூடு பார்க்க வந்தவள் ஊஞ்சலம்மாள். கூட்டைப் பிடித்துத் தொங்கி, இப்படியும் அப்படியும் ஊஞ்சல் ஆடிப் பார்த்துத்தான் எதையும் சொல்வாள். அவளைக் கண்டால் ஓலையப்பனுக்கே இறக்கை நடுங்கும். அவள் தவிட்டியின் கூட்டில் ஆடினாள். உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஏய் மஞ்சத் தலை, இங்க வா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தவிட்டி போனாள்.

"முட்டை வைக்கிற குழிக்கு முன்னால வரம்பு கட்டியிருக்கே. எதுக்கு?"

"காத்துல கூடு ஆடினா முட்டை உருண்டு வாசல் வழியா விழாம இருக்க."

"இந்த மரத்துல ஒருத்தனுக்கும் இது தெரியாது. ஆம்பளைங்க கட்டிட்டுப் போயிடுவாங்க. காத்தடிக்கிறப்ப உள்ள உட்கார்ந்து முட்டையைக் காலால அணைச்சுக்கிட்டு இருந்தவளுக்குத்தான் இது தோணும்." ஊஞ்சலம்மாள் கிட்டே வந்து தவிட்டியின் தலையை முகர்ந்தாள். "ஆவாரம்பூ. எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாளா. சொல்லிடாதீங்க அக்கா. முட்டை போட இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

ஊஞ்சலம்மாள் அந்த வரம்பை அலகால் தட்டிப் பார்த்தாள். "போன வருஷம் எனக்கு ரெண்டு உருண்டு போச்சு" என்றாள். "எனக்கும் இதே வரம்பு போட்டுக் கொடு. இந்தக் கூடு எனக்குப் பிடிச்சிருக்குன்னு வெளியே சொல்லிடறேன். ஊருக்கு நான் உன் வீட்டுக்காரி. ஆனா ஒண்ணு, அந்தத் தொங்கற கூத்தை மட்டும் என் முன்னால ஆடாதே. சிரிப்பு வந்துடும்."

ஊஞ்சலம்மாள் நிஜமாகக் குடியிருந்தது வேறொருவன் கட்டிய கூட்டில். அதில் தவிட்டி அவளுக்கு வரம்பு போட்டுக் கொடுத்தாள். ஊஞ்சலம்மாள் ஆவாரனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் வரம்பைப் பற்றிச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. மறுநாளே வந்த பெண்களெல்லாம், "வரம்பு எங்கே? வரம்பு இல்லாத கூடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆவாரா, எனக்கும் போட்டுக் கொடுடா" என்று ஒவ்வொருவனாக வந்து நின்றான். முறுக்கனைத் தவிர.

முறுக்கனுக்கு வயிறு எரிந்தது. நாலாவது ஆளாகத் தொங்கியும் அறுக்க முடியாத முடிச்சு அவன் மனதில் கிடந்து உறுத்தியது. ஒரு விடியற்காலையில் ஆவாரன் பின்னாலேயே போனான். ஆவாரஞ்செடியில் தவிட்டி தலையைத் தேய்ப்பதைப் பார்த்தான்.

அன்று காலை பனையில் கூட்டம். தவிட்டியின் கூட்டில் அதற்குள் இரண்டு முட்டை.

"ஏமாத்திட்டே" என்றான் ஓலையப்பன். "மரத்தோட மானம் போச்சு. பக்கத்துப் பனைக்காரனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்?"

"நான் முதல்ல வந்து கேட்டப்ப என் தலை என் நிறத்துலதான் இருந்தது அண்ணே. நீங்கதான் சிரிச்சீங்க. இந்தப் பதினெட்டு நாள்ல என் முடிச்சு ஏதாவது அவிழ்ந்துதா?"

"அதெல்லாம் தெரியாது. கூட்டைப் பிரிங்கடா."

"பிரிங்க" என்றாள் ஊஞ்சலம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து. "பிரிச்சா, வரம்பு போட ஆள் இல்லை. வரம்பு இல்லாட்டி நாங்க இல்லை. வடக்கே ஒரு பனை இருக்கு, போயிட்டு வர்றோம்."

மற்ற ஆண்களெல்லாம் ஓலையப்பனைப் பார்த்தார்கள். ஓலையப்பன் தொண்டையைச் செருமினான். "சரிம்மா தவிட்டி. எல்லாக் கூட்டுக்கும் வரம்பு போட்டு முடிச்சுக் கொடு. அப்புறம் உன் விஷயத்தை யோசிக்கலாம்."

தவிட்டிக்கு அந்த "அப்புறம்" காதில் இடித்தது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே" என்று சொன்ன அதே குரல். "சரிங்க அண்ணே" என்றாள்.

நேராகக் குளத்துக்குப் போய்த் தலையையும் மார்பையும் கன்னத்தையும் கழுவினாள். தவிட்டு நிறத்தோடு வந்து வேலையைத் தொடங்கினாள். தன் முட்டைகளுக்குச் சூடு கொடுக்க அடிக்கடி திரும்பிப் போனாள். ஊஞ்சலம்மாள் தன் கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் தவிட்டியின் கூட்டுக்குக் காவலாக அந்தப் பக்கமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நாலு நாளில் முப்பது கூட்டிலும் வரம்பு நின்றது.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டான் ஓலையப்பன். "அப்ப நீ கிளம்பும்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல."

"முடியலையே அண்ணே" என்றாள் தவிட்டி. "உங்க கூட்டு வரம்பை இழுத்துப் பாருங்க."

ஓலையப்பன் இழுத்தான். வரம்பு அலகோடு தளர்ந்து வந்தது.

"எல்லாத்துலயும் கடைசி முடிச்சு பாக்கி இருக்கு" என்றாள் தவிட்டி. "என் குஞ்சுங்க பறக்கிற அன்னைக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் தினமும் காலையில வந்து இறுக்கிக் கொடுப்பேன். யாரோட முட்டையும் உருளாது. நான் இந்த மரத்துல இருக்கிற வரைக்கும்."

"அந்த முடிச்சை நாங்களே போட்டுக்க மாட்டோமா?" என்று முறுக்கன் ஓலையப்பன் கூட்டுக்குள் புகுந்தான். அந்த முடிச்சைக் குழிக்குள் அமர்ந்து, முட்டை இருக்கும் பக்கமாகத் திரும்பிப் போட வேண்டும். முட்டையோடு உள்ளே உட்கார்ந்தே பழக்கமில்லாத முறுக்கனுக்கு எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. அவன் வால் பட்டு வரம்பு சரிந்தது. ஒரு முட்டை உருண்டு வாசலுக்கு வந்தது. கீழே வட்டமிட்டுக்கொண்டிருந்த தவிட்டி பாய்ந்து வந்து மார்பால் அதைத் தாங்கி உள்ளே தள்ளினாள். வரம்பை நிறுத்தினாள். இறுக்கினாள். முடிச்சை மட்டும் போடவில்லை.

ஓலையப்பன் தன் முட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இரும்மா" என்றான். அப்புறம் என்ற சொல்லை இந்தத் தடவை சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து தவிட்டி நாள்தோறும் முப்பது கூட்டுக்கும் போய் வந்தாள். ஒரு நாளும் தவறவில்லை. நடுவில் பாம்பு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் குளத்தில்தான் விழுந்தது. அவள் குஞ்சுகள் இரண்டும் இறகு முளைத்து, நுனியிலிருந்து தண்ணீருக்கு மேலாகப் பறந்து கரைக்குப் போய்ச் சேர்ந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவள் அன்றே புறப்பட்டு இருபத்தொன்பது கூட்டில் கடைசி முடிச்சைப் போட்டாள். முறுக்கன் கூட்டிலும் போட்டாள், சரியாகவே. முப்பதாவது ஓலையப்பனுடையது. அவன் எல்லார் முன்னாலும் வந்து, "அந்த நுனி அடுத்த மழைக்கும் தவிட்டிக்குத்தான், இனி பெண் கட்டினாலும் இந்த மரத்தில் நுனி உண்டு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் அதையும் போட்டாள்.

உழைப்பை முழுமனதோடு கொடுக்க வேண்டும். ஆனால் கொடுத்த வாக்கு நிறைவேறும் வரை அதன் கடைசி முடிச்சைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.