மடங்காத பின் சீட்டு

நாகர்கோவில் சுயம்புலிங்கம் வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவன் தலையாட்டத்தான் வேண்டும். அவருடைய அம்மா இறந்த பதினாறாம் நாள், அம்மாவின் சக்கர நாற்காலியை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கச் சொந்தபந்தமெல்லாம் காரைச் சுற்றி நின்றது.

"இந்தக் காரு வாங்கி மூணு வருஷமாச்சு, பின் சீட்டு மடங்கவே மாட்டேங்குது. நாற்காலியை ஏத்த முடியாமத்தான் அம்மாவைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போகல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னவர், அன்றைக்கு மட்டும் வந்திருந்த டிரைவர் தாசையன் பக்கம் திரும்பினார்.

"பத்து நிமிஷத்துல மடக்கணும். ஒரு கீறல் விழப்பிடாது. முடியலேன்னா டிரைவர்னு வெளியே சொல்லிக்காதே."

தாசையன் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

"நல்லா இழுத்துப் பாத்தியளா சார்?"

"நூறு தடவை இழுத்தேன். கையே போச்சு!"

"அப்படின்னா இந்த ஷோரூம் பாலிதீனை நீங்களே பிரிச்சுத் தாங்க சார். இழுக்கிற பிடி அதுக்குள்ளதான் இருக்கு. ஒட்டின டேப்பு இன்னும் கிழியல."

சுயம்புலிங்கத்தின் தங்கை வந்து நகத்தால் டேப்பைக் கிழித்தாள். தாசையன் ஒற்றை விரலால் இழுத்ததும் சீட்டு சாதுவாய்ப் படுத்துக்கொண்டது.

நாற்காலியை ஏற்றி, சுயம்புலிங்கமும் ஏறிக்கொண்டதும் வண்டியை எடுத்தவன், மெதுவாகக் கேட்டான்:

"கடற்கரை வழியாப் போகட்டுமா சார்?"