நாச்சி வீட்டு மோர்

"குருவைக் கொன்னுட்டாங்க" என்றான் ரேவதன்.

கடற்கரை விகாரையில் சுமேத தேரர் இறந்து அன்று மூன்றாம் நாள். சிதைச் சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு பிக்குகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூத்தவரான உபசாந்தர் மட்டும் அசையவில்லை.

"யாரு?"

"மோர் விக்கிற நாச்சி."

"எப்படிச் சொல்றே?"

"மத்த வீட்டுச் சோறெல்லாம் குருவுக்கு ஒத்துக்கிட்டுது. அவ வீட்டு மோர்ச்சோறு சாப்பிட்ட அன்னைக்கெல்லாம் வாந்தி. நாலு மாசமா கவனிச்சுட்டு வரேன்."

"அதே சோத்தை நீயும்தானே சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அதுதான் சந்தேகம்."

ரேவதன் பொய் சொல்கிறவன் அல்ல. ஆறு வருடம் குருவின் காலடியிலேயே கிடந்தவன். காலையில் ஊருக்குள் போய்த் தன் மண்பாத்திரத்தில் பிச்சை ஏற்று வருவான். அதில் நல்லதாகப் பார்த்துக் குருவின் பாத்திரத்துக்கு மாற்றி மூடி வைப்பான். குரு தியானம் முடித்து, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் சாப்பிடுவார். பிறகு அந்தப் பாத்திரத்தைக் கடல்மணல் போட்டு, முகம் தெரியும்வரை தேய்ப்பான். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்த்துக்கொள்ளாது.

குரு இறந்தபோது எல்லாரும் அழுதார்கள். அவன் அழவில்லை. முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அழுகை எங்கே ஓடிவிடப் போகிறது?

"நேத்து அவ வீட்டுக்கே போய்க் கேட்டேன்" என்றான்.

"என்ன சொன்னா?"

"அழுதா."

"அழுதா குத்தமா?"

"குத்தம் செய்யாதவ ஏன் அழணும்?"

"அழாம இருந்திருந்தா?"

"கல்நெஞ்சுக்காரின்னு தெரிஞ்சிருக்கும்."

ஒரு பிக்கு சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி, இப்ப உனக்கு என்ன வேணும்?" என்றார் உபசாந்தர்.

"அவ வாசல்ல பாத்திரத்தைக் கவிழ்க்கணும்."

சங்கம் ஒரு வாசலில் பாத்திரத்தைக் கவிழ்த்தால், அந்த வீட்டுப் பிச்சை அதன் பிறகு எந்தப் பிக்குவுக்கும் ஆகாது. பிக்குவுக்கு ஆகாத மோர் ஊருக்கு மட்டும் ஆகுமா? நாச்சி துணையில்லாதவள். பானையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

பிக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை.

ரேவதன் உபசாந்தர் பக்கம் திரும்பினான்.

"இன்னொண்ணும் கேக்கணும். குருவோட பாத்திரம் எங்கே? அவர் போன அன்னைக்கு நீங்கதான் அதைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனீங்க. நான் பார்த்தேன்."

உபசாந்தர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களும் எதையோ மறைக்கிறீங்க."

"ஆமா" என்றார் உபசாந்தர்.

எழுந்து உள்ளே போனார். ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தார்.

"குருவுக்காகத்தானே கவிழ்க்கப் போறே? அவர் பாத்திரத்தையே கவிழ். வா."

நாச்சி வீட்டில் நேற்றிலிருந்து மோர் விற்கவில்லை. புளித்த வாடை தெருமுனையிலேயே அடித்தது. பிக்குகள் கூட்டமாக வருவதைக் கண்டு அவள் வாசலுக்கு வந்து கும்பிட்டாள். வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா?" என்றான் ரேவதன்.

"தெரியும் சாமி. ஊரே பேசுது."

உபசாந்தர் மூட்டையை அவன் கையில் கொடுத்தார்.

"அவிழ்."

அவிழ்த்தான். செம்புப் பாத்திரம். வெளிப்புறம் இப்போதும் மின்னியது.

அவன் வாங்கி வந்ததுதான். போன வருடம் குருவின் கை நடுங்கி மூன்று மண்பாத்திரங்கள் உடைந்தன. இரும்பு அவருக்குக் கனத்தது. ரேவதன் பாத்திரம் செய்யும் ஒரு கன்னாரிடம் கெஞ்சி இதைக் கேட்டு வாங்கி வந்தான். பிக்குவுக்கு விதித்தது மண்ணும் இரும்பும்தான் என்று குரு சொல்லிப் பார்த்தார். அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, சரி கொடு என்றார்.

ரேவதன் பாத்திரத்தை உயர்த்தினான். அவன் கண் முழுக்க நாச்சியின் முகத்தில் இருந்தது. எங்கேயாவது குற்றம் தெரிகிறதா என்று தேடினான்.

நாச்சியின் கண் பாத்திரத்துக்குள் போயிற்று. அவளுக்குப் பயமெல்லாம் மறந்துவிட்டது.

"ஐயையோ, இதுலயா சாமி என் மோரை ஊத்தி வச்சீங்க? உள்ள ஈயமே இல்லையே! பச்சைப்பசேல்னு களிம்பு ஏறிக் கிடக்கே! புளிச்ச மோர் நாலு நாழிகை இதுல கிடந்தா வெஷமாயிடுமே! பூசின ஈயத்தை யாரு சாமி இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தது?"

பிக்குகள் எல்லாரும் ரேவதனைப் பார்த்தார்கள்.

ரேவதன் பாத்திரத்துக்குள் பார்த்தான். தினமும் மணல் போட்டுத் தேய்த்த அவன் கை, அதைத் தேய்க்காமல் விட்டது குரு இறந்த நாளிலிருந்துதான்.

உபசாந்தரிடம் கேட்டான்.

"குருவுக்குத் தெரியுமா?"

"கடைசியாச் சாப்பிட்ட அன்னைக்குப் பார்த்துட்டார்" என்றார் உபசாந்தர். "அடியில மோர் பச்சையா நின்னுச்சு."

"என்ன சொன்னார்?"

"'இது ரேவதன் கண்ணுல படாம எடுத்து வை'ன்னார். இன்னைக்கு வரைக்கும் வச்சிருந்தேன்."

ரேவதன் பாத்திரத்தைக் கவிழ்க்காமல், நிமிர்த்தியபடியே தரையில் வைத்தான். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள் அழுகையும் அப்போதுதான் வந்தது. தெருவே பார்க்க அழுதான்.

நாச்சி உள்ளே போய்ச் சோற்றுப் பானையோடு வந்தாள்.

"பசியா இருப்பீங்க சாமி. வெறுஞ்சோறுதான். உங்க பாத்திரம் எங்கே?"

அவன் கொண்டு வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். அவள் சோறு போட்டாள்.

கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

"மோரும் ஊத்தும்மா" என்றான்.